இரண்டு முறை செத்த ராஜா

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் கருமாதியன்று கூத்து வைப்பார்கள். போரில் அம்பு பட்டுச் சாகும் ராஜாவின் கதை. அதில் ராஜாவின் தாய் வேஷம் எனக்கு. செத்த மகனை மடியில் கிடத்தி ஒப்பாரி வைக்க வேண்டும். அதற்கு அளவெல்லாம் கிடையாது. எதிரே உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரி அழுது ஓய்ந்து, முந்தானையால் முகம் துடைக்கும்வரை நான் நிறுத்தக் கூடாது. அன்றோடு அவள் துக்கம் கொஞ்சம் இறங்க வேண்டும், அதுதான் வழக்கம்.

இதைச் சங்கீத நாடகமாக்குகிறேன் என்று வேலூரிலிருந்து ஓர் ஆர்மோனிய வாத்தியார் வந்து சேர்ந்தார். விடிய விடிய ஆடுவதை மூன்று மணி நேரமாக வெட்டினார். சாகிற ராஜாவுக்கு ஜோராக ஒரு பாட்டு. என் ஒப்பாரியையும் முகாரி ராகத்தில் தாளம் போட்டு அடைத்துவிட்டார்.

"வீட்டுக்காரி அழுது முடிக்கலன்னா இன்னா பண்றது வாத்தியாரே?" என்றேன்.

"பாட்டு முடிஞ்சா நிறுத்து. அவங்க அழுவறதுக்கா தாளம் போட முடியும்?"

குழுவே அவர் பக்கம். நானும் தாளத்துக்குப் பாடிப் பழகினேன்.

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரித் தொழிலாளி ஒருவர் எங்களைக் கூப்பிட்டார். ஒரே மகன் காய்ச்சலில் போய்விட்டான். அன்றிலிருந்து அவர் மனைவி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, சோறும் இறங்கவில்லை.

"நீ ஒப்பாரி வச்சாலாவது அழுதுடுவாண்ணா. பாத்துக்கோ" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பொழுது சாய்ந்ததும் தொடங்கினோம். ராஜா மார்பில் அம்போடு பாடிவிட்டு என் மடியில் சாய்ந்தான். நான் வாயெடுத்தேன். எதிரே உட்கார்ந்திருந்த அவள் உதடு துடித்தது, கண் கலங்கியது. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து, "ஒன்ஸ் மோர்" என்று கூச்சல். வேலூரில் கம்பெனி நாடகம் பார்த்துப் பழகிய வாலிபர்கள், பாழாய்ப் போகிறவர்கள். ராஜாவின் தோளை அமுக்கி, "படுடா" என்று பல்லைக் கடித்தேன்.

"விடு மாமா, பாட்டு கேக்கறாங்க" என்று எழுந்தான். கூட்டத்தைக் கும்பிட்டான். நெஞ்சில் அம்போடு மறுபடி பாடினான். வாத்தியாருக்கு ஒரே சந்தோஷம், பெட்டியை அமுக்கு அமுக்கென்று அமுக்கினார்.

அவள் என்னையே பார்த்தாள்.

"ண்ணா, இவன் எழுந்துக்கினான். எம்புள்ள ஏன் எழுந்துக்கல?"

காலி மடியோடு உட்கார்ந்திருந்தேன்.

ராஜா பாடி முடித்து மறுபடியும் செத்தான். தாளத்தையும் ராகத்தையும் விட்டுத்தள்ளி, தொண்டை கிழிய நெடுநேரம் ஒப்பாரி வைத்தேன். கூச்சல் போட்ட பையன்கள்கூட அழுதார்கள். அவள் அழவில்லை.