சுக்கானி கஸ்பாரின் பாட்டுப்பெட்டி

பாட்டுப்பெட்டியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறார் கஸ்பார். இயர்போன் கழுத்தில் கிடக்கிறது. பாட்டு எதுவும் ஓடவில்லை. அவர் கேட்பது பெட்டிக்குள் சுழலும் தட்டின் சத்தத்தை. மெல்லிய ஒரு கிர்ர், கடைசியில் ஒரு டிக், அப்புறம் அமைதி. ஒரே டிக்கோடு அடங்கினால் உடம்பு நலம். டிக் டிக் என்று இழுத்தால் அன்றைக்குப் பெட்டிக்கு ஓய்வு. அப்படிப்பட்ட நாளில் கஸ்பார் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானச் சாமான்களும் ஏற்றிப் போகும் தோணி ஒன்றில் அவர் சுக்கானி. தோணி என்றதும் இரண்டு பேர் துடுப்புப் போடும் ஓடத்தை நினைத்துவிட வேண்டாம். மரத்தில் கட்டிய சரக்குக் கப்பல் அது, வயிற்றுக்குள் இன்ஜின் உண்டு. சுக்கானைப் பிடித்துத் திசை தவறாமல் ஓட்டுகிறவர் சுக்கானி. எல்லோருக்கும் மேலே தலைமை மாலுமி, தண்டல். இந்தத் தோணியின் தண்டல் செபாஸ்டின், கஸ்பாரின் மனைவி பிலோமிக்குக் கூடப்பிறந்த தம்பி. கரையில் இருக்கும்வரை கஸ்பாருக்கு அவர் 'மாப்ள'. தோணியில் கால் வைத்துவிட்டால் 'தண்டல்'தான். இந்த ஒழுங்கு ஒருநாளும் பிசகியதில்லை.

பெட்டி கைக்கு அடக்கமானது. முதுகெல்லாம் கீறல். மாலேயில் ஒரு கடைக்காரர், இனி யார் இதைக் கேட்கப் போகிறார்கள் என்று ஒரு கூடையில் கொட்டி வைத்திருந்தபோது வாங்கியது. உள்ளே குட்டியாக ஒரு ஹார்டு டிஸ்க். அதில் எத்தனை பாட்டு இருக்கிறது என்பது அவருக்கே தெரியாது. சினிமாப் பாட்டு, மாதா பாட்டு, மணப்பாட்டுத் திருவிழாக் கச்சேரி, பெரியதாழைக் கல்யாணம் ஒன்றில் சுருதி சேராமல் ஊதித் தள்ளிய பாண்டு வாத்தியம் வரைக்கும் உள்ளே போட்டு வைத்திருக்கிறார். அந்தப் பாண்டைக் கேட்டுச் சிரிப்பதற்கென்றே தனியாக ஒரு நேரம் ஒதுக்குவார்.

"எல்லாம்தான் இப்ப போன்லயே வருதே" என்று யாராவது சொன்னால் போச்சு. "போன்ல உள்ளது நம்ம பாட்டாலே? வாடகைக்கு இருக்க பாட்டு. கரை மறைஞ்சா அதுவும் மறைஞ்சிரும்" என்பார். மெமரி கார்டு என்று சொன்னால் இன்னும் மோசம். முன்பு கார்டு போட்ட சின்ன பிளேயர் ஒன்று வைத்திருந்தார். நடுக்கடலில் ஒரு நாள், எந்தச் சத்தமும் காட்டாமல் அது நின்றுபோனது. போகவர அந்த நடை முழுக்கப் பாட்டில்லை. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. "கார்டு நல்லாத்தான் இருக்கும், திடீர்னு ஒண்ணுமே இல்லம்பான். டிஸ்க்கு அப்படியில்ல. சாவப்போறேன் சாவப்போறேன்னு சொல்லிட்டுத்தான் சாவும். மரியாத தெரிஞ்ச சாமான்."

இந்த மரியாதையை ரிப்பேர் கடை நயினார் ஒப்புக்கொள்வதில்லை. "அண்ணாச்சி, கார்டுல சுத்துத சாமானே கெடையாது. கீழ விழுந்தாலும் ஒண்ணும் ஆவாது. டிஸ்க்கத் தூக்கிட்டு ஒரு கார்டு வச்சுத் தாரேன், பெட்டி உங்க பெட்டியாவே இருக்கும்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிப் பார்க்கிறார். நியாயமான பேச்சுதான். கஸ்பாரின் பாட்டுகளையெல்லாம் தன் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி எடுத்து வைத்திருப்பவரும் அவர்தான். ஆகையால் பாட்டு தொலைந்துபோகும் என்ற பயம் கஸ்பாருக்கு இல்லை. கடலில் நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

அதற்காக அவர் கற்று வைத்திருக்கும் வித்தைகள் வேடிக்கையானவை. டிஸ்க் எப்போதும் சுழல்வதில்லை. நாலைந்து பாட்டை ஒரே மூச்சில் விழுங்கிவிட்டுப் படுத்துக்கொள்ளும், அவை தீர்ந்தால் மறுபடி எழுந்து சுழலும். சுழலும் நேரத்தில் உலுக்கினால்தான் ஆபத்து. அதனால் பாட்டை மாற்ற வேண்டுமென்றால் அலை தோணியைத் தூக்கி இறக்கும்வரை பொறுத்திருந்து, அடுத்த அலைக்குள் பொத்தானை அமுக்குவார். பழக்கம் கரைக்கும் வந்துவிட்டது. டவுன் பஸ்ஸில் வேகத்தடை தாண்டும்வரை விரலைப் பொத்தானுக்கு மேலே அந்தரத்தில் வைத்துக் காத்திருக்கும் மனிதரைப் பார்த்தால் அது கஸ்பார்தான்.

ஒரு காதில்தான் இயர்போன். மற்றது இன்ஜினுக்கும் தண்டலுக்கும். பாட்டு இவ்வளவு அவசியமா என்று கேட்டால், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் கேலியில்லாமல் பதில் வரும். "சுக்கான்ல நிக்கவனுக்குப் பேச்சுத்துணை கெடையாது. முன்னாலயும் தண்ணி, பின்னாலயும் தண்ணி. பாட்டு இல்லன்னா நெனப்பு வந்து ஆளத் தின்னுரும். எனக்குப் பயமா இருக்கும்யா." கடலில் நரைத்த ஒரு மனிதர் பயம் என்ற சொல்லை இப்படிக் கூசாமல் சொல்வதைக் கேட்க மனசு கனத்துப்போகிறது.

வம்பு வந்தது போன நடையில். பக்கவாட்டிலிருந்து அலை மோதித் தோணி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்துகொண்டிருந்தது. சட்டைப் பையில் வைத்தாலும் தலையணையில் வைத்தாலும் பெட்டி திக்கியது. அப்போதுதான் கஸ்பாரின் கண் காம்பஸ் பெட்டியில் விழுந்தது. தோணி எப்படிச் சாய்ந்தாலும் காம்பஸ் மட்டும் வளையத்துக்குள் ஆடி ஆடி மட்டமாகவே நிற்கும். உலகத்திலேயே குலுங்காத இடம் ஒன்று கண்ணெதிரே இருக்க, இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொண்டார். பாட்டுப்பெட்டியைக் காம்பஸுக்குப் பக்கத்திலேயே பதமாகச் செருகினார். ஒரு பாட்டுகூடத் திக்கவில்லை. கஸ்பார் பெருமையோடு முள்ளைப் பார்த்துப் பார்த்துச் சுக்கானைப் பிடித்தார்.

சாயங்காலம் தண்டல் தன் அறையில் ஜி.பி.எஸ். பார்த்துவிட்டு ஓடிவந்தார். தோணி போக வேண்டிய வழியை விட்டு எங்கேயோ விலகிப் போயிருந்தது. "மச்சான், கண்ணசந்துட்டியளோ?"

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் கஸ்பார் தாங்கியிருப்பார். "யாரப் பாத்துக் கேக்குதிய தண்டல்? ஒங்க அக்காளக் கெட்டுததுக்கு முன்னாலேருந்து சுக்கான் புடிக்கேன். முள்ள விட்டு ஒரு நூல் வெலகல."

"அப்பம் கடல்தான் வெலகிப் போச்சோ?"

பேச்சு தடித்தது. இன்ஜின் பார்க்கிறவர், சமையல் செய்யும் பண்டாரி எல்லோரும் கூடிவிட்டார்கள். கோபத்தில் பாட்டை நிறுத்துவதற்காகக் கஸ்பார் பெட்டியை வெளியே உருவினார். கூடவே காம்பஸ் முள்ளும் திரும்பியது. பெட்டியைத் திரும்பப் பக்கத்தில் கொண்டுபோனார். முள் ஓடிவந்தது.

"பாத்தியளா! நான் தூங்கல!" என்று கத்தினார் கஸ்பார், வழக்கில் ஜெயித்தவரைப் போல.

"தூங்கியிருந்தாக்கூட இம்புட்டுத் தூரம் போயிருக்காது!" என்று பதிலுக்குக் கத்தினார் தண்டல். தக்காளிக் கூடைகள் கசியத் தொடங்கியிருந்தன. அவர் கோபத்திலும் குற்றமில்லை. "கேட்டுக்கிடுங்க. இனி இந்தப் பெட்டி தோணி ஏறாது. ஏறுச்சுன்னா சுக்கானுக்கு வேற ஆளு."

ஊர் திரும்பியதும் கஸ்பார் நேரே போனது நயினாரிடம். நயினார் செத்துப்போன பழைய டிஸ்க் ஒன்றைப் பிரித்து, உள்ளே இருந்த காந்தத்தில் ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டுக் காட்டினார். கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. "நகத்தளவுதான் அண்ணாச்சி, ஆனா பேய்க்காந்தம். கார்டுல இந்தக் கரைச்சலே கெடையாது. இப்பமாவது மாத்திக்கிடுங்க." தண்டலும் சமாதானமாவார், சுக்கானும் பறிபோகாது. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே தலையாட்டியிருப்பார்கள்.

கஸ்பார் பெட்டியை எடுத்து எலும்பில் வைத்துக் கேட்டார். ஒரே டிக். "தப்பு பெட்டி மேல இல்ல. நான் வச்ச எடந்தான் தப்பு. எடத்த மாத்தணும், பெட்டிய எதுக்கு மாத்தணும்? நீரு இயர்போன் ஒயர மட்டும் நீளமா ஒட்டித் தாரும்."

வீட்டுக்கு வந்து வலைநூலை எடுத்துப் பெட்டியின் அளவுக்கு ஒரு தூளி பின்ன உட்கார்ந்தார். பிலோமி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். புருஷன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். அவள் பாடு திண்டாட்டம்தான்.

"வேலை போச்சுன்னா இந்தத் தூளில நீங்களே படுத்துக்கிடுங்க. நான் வேணும்னா தம்பிகிட்டப் பேசட்டா?"

"வேண்டாம். கரையில பேசுனா அது மாப்ளகூடப் பேசுதது. இது தண்டல்கூட உள்ள வழக்கு. அங்கன போய்ப் பேசிக்கிடுதேன்."

புறப்படுகிற காலை. வெங்காய மூட்டைகள் ஏறி முடிந்துவிட்டன. தோணியில் ஏறும் பலகையின் முனையில் தண்டல் நின்றுகொண்டு பெட்டிக்காகக் கையை நீட்டினார். கஸ்பார் அந்தக் கையைத் தாண்டி நேரே சுக்கான் அறைக்குப் போய்க் காம்பஸ் மூடியைத் திறந்தார். சட்டைப் பையிலிருந்து பெட்டியை எடுத்துக் கிட்டே பிடித்தார். முள் ஓடிவந்தது. "எல்லாரும் நல்லாப் பாத்துக்கிடுங்க" என்றார், பின்னாலேயே வந்துவிட்ட தண்டலிடமும் மற்றவர்களிடமும். பெட்டியோடு ஓர் எட்டுப் பின்னால் வைத்தார். முள் பாதி திரும்பிற்று. இன்னும் ஓர் எட்டு. முள் சோம்பலாக அசைந்தது. பின்சுவரில் முதுகு முட்டும்வரை போய் நின்று, பெட்டியை மேலும் கீழும் ஆட்டினார். முள் அசையவில்லை. பெட்டியைச் சுவரோரமாக வைத்துவிட்டு, அதை ஆட்டிய இடத்தில் பலகையின் மேல் கட்டைவிரலை ஊன்றிக்கொண்டு மற்றக் கையால் இடுப்பைத் தடவி ஓர் ஆணியை எடுத்தார்.

தண்டலுக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. "ஆணி இரும்புல்லா மச்சான்! அதுக்கு மட்டும் முள்ளு ஓடாதோ?"

கஸ்பார் திரும்பி வந்தார். ஆணியைக் காம்பஸ் கண்ணாடியின் மேலேயே வைத்துக் கையை எடுத்தார். செம்பு ஆணி, காலை வெயிலில் சிவந்து கிடந்தது. முள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. பண்டாரிதான் முதலில் சிரித்தது. தண்டல் முறைத்ததும் அடக்கிக்கொண்டார்.

"தோணில ஆணி அடிக்கதுக்கு யாரக் கேட்டிய? பெட்டி ஏறாதுன்னு நான் சொன்னது காதுல விழலையா?"

கஸ்பார் ஆணியை எடுத்துக்கொண்டு பின்சுவருக்குப் போய், பலகை இடுக்கில் பஞ்சு அடைக்கிற மரக் கொட்டாப்புளியை ஓங்கினார். தண்டல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அடி விழுந்தது. மறுபடி எடுத்தார். மறுபடி விழுந்தது. அதற்கப்புறம் தண்டல் குனிந்து, அசையாத காம்பஸ் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். ஆணி தூளிக்கு வேண்டிய அளவுக்கு இறங்கி உறுதியாக நின்றது. கஸ்பார் அதைப் பிடித்து அசைத்துப் பார்த்தார், தண்டலை ஒருமுறை பார்த்தார், பிறகு இன்னும் இரண்டு அடி ஓங்கி அடித்தார்.