வலது பெருவிரல்

என் நாட்குறிப்பில் நான் பார்த்தது கறுப்பு மையில் இருக்கும், பிறர் சொல்லிக் கேட்டது நீலத்தில். இரண்டையும் கலக்கக்கூடாது என்பது என் பழக்கம்.

ஜவ்வாது மலையில் ஒரு கிளைத் தபால் நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறேன். சொந்த ஊர் கீழே, படவேட்டுப் பக்கம். தினமும் நாள் முத்திரையில் எண்ணை மாற்றி மாற்றி, தேதி இல்லாத காகிதத்தைத் தொட்டாலே எனக்குக் கை கூசும்.

அந்த வியாழக்கிழமை கறுப்பு மையில் இவ்வளவுதான்: "மழை இல்லை. காலை பஸ் அரை மணி தாமதம். பக்கத்துக் குக்கிராமத்துச் சாமை விவசாயி வந்தார். இடது கையில் மாவுக்கட்டு."

மீதியெல்லாம் நீலம். செவ்வாய்க்கிழமை மாலை சந்தையிலிருந்து பைக்கில் திரும்பியவரை மலைவளைவில் போலீஸ் நிறுத்தியது. வண்டிக் காகிதம் கேட்டார்கள். "வூட்ல கீதுங்க. எதுக்குங்க?" என்றிருக்கிறார். அந்த 'எதுக்குங்க'வுக்காக ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய், இடது கையை மேசைமேல் விரிக்கச் சொல்லி லத்தியால் அடித்தார்கள். பெருவிரல் எலும்பு முறிந்தது. வெளியே விடும்போது, ஆஸ்பத்திரியில் வண்டியிலிருந்து விழுந்ததாகச் சொல்லச் சொன்னார்கள். பயத்தில் அப்படியே சொல்லிவிட்டார்.

"மனு எழுதிக் குடுங்க சார்" என்றார். உடனே, "எழுதுனா அடிச்சவங்க மேல கேஸ் வருமா, என் மேல வருமா?" என்று கேட்டார்.

"தெரியலைப்பா."

"அப்ப எழுதுங்க. தெரியும்னு சொல்லியிருந்தா உங்களையே நம்பியிருக்க மாட்டேன்."

கோட்டாட்சியருக்கு எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. கையெழுத்து இருந்தது, முத்திரை இருந்தது, தேதிக்கான இடம் காலி. யாரோ மறந்திருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அடுத்த வாரம் மப்டியில் ஒரு போலீஸ்காரர் என் ஜன்னலுக்கு வந்தார். இன்லேண்டு லெட்டர் ஒன்று கேட்டார். எடுத்து வைத்தேன்.

"சார்வாளுக்கு இன்னும் எத்தினி வருசம் சர்வீஸ் கீது?"

சொன்னேன்.

"நல்லபடியா முடியணும் இல்ல?" என்று சிரித்துவிட்டு, லெட்டரை எடுக்காமலே போனார். மணி பதினொன்று பத்து. கறுப்பு மை.

விசாரணைக்கு விவசாயியைக் கீழே கோட்டாட்சியர் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். நானும் உடன் போனேன். கோட்டாட்சியர் ஓர் அம்மையார். இன்ஸ்பெக்டர் அவர் முன்னால் ஒரு தாளை வைத்தார். செவ்வாய்க்கிழமை மாலையே விவசாயி ஸ்டேஷனில் கொடுத்த வாக்குமூலமாம்: 'சோதனையின்போது காவலர் மேல் கை வைத்தேன்.' எச்சரித்து அனுப்பினார்களாம். போகும் வழியில் வண்டியோடு விழுந்து அவருக்கு விரல் முறிந்ததாம். அப்படியொரு தாளைப் பற்றி அதுவரை யாரும் பேசியதில்லை. மனு போன பிறகு எழுதியதோ என்று நினைத்தேன்.

"பணியில இருக்கிற காவலரைத் தாக்கினதுக்கு உள்ளே போடலாம் மேடம். பாவம்னு விட்டோம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அம்மையார் தாளைப் படித்துவிட்டு விவசாயியைப் பார்த்தார். "கை வெச்சியா?"

"வெச்சேம்மா."

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். எனக்கே ஒரு கணம் விவசாயிமேல் சந்தேகம் வந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர் மேல் கை வைத்தேன் என்றால் அடித்தேன் என்று பொருள். என்னிடம் இதை மறைத்துவிட்டாரோ?

அப்புறம்தான் உறைத்தது. என் ஜன்னலில் தினமும் கேட்கும் சொல் அது. கைரேகை பதியும் கருவிக்கு சிக்னல் கிடைக்காத நாட்களில் மைப்பெட்டியை நகர்த்துவேன். ரேகை வைத்துவிட்டு, "கை வெச்சுட்டேன் சார்" என்பார்கள்.

"எதுல கை வெச்சார்னு கேளுங்க மேடம்" என்றேன்.

"போஸ்ட்மாஸ்டருக்கு வக்கீல் வேலையும் குடுத்துட்டாங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அம்மையார் அவர் பக்கம் திரும்பவில்லை. "எதுலப்பா வெச்ச?"

"பேப்பர்லம்மா. இன்னா எழுதிகீதுன்னு கேட்டேன். மூடிக்கினு வெய்டான்னாங்க. வெச்சுட்டேன்."

தாளை நான் பார்க்கலாமா என்று கேட்டேன். அம்மையார் தந்தார். ரேகைக்குக் கீழே யாரோ ஒழுங்காக எழுதியிருந்தார்கள்: 'வலது பெருவிரல்.' ஆண்களிடம் இடது பெருவிரல் ரேகைதான் வாங்குவோம். தபால் நிலையத்திலும் ஸ்டேஷனிலும் அதுதான் வழக்கம். இடது விரல் உதவாதபோதுதான் வலது. வண்டியிலிருந்து விழுவதற்கு முன்பே வாங்கிய வாக்குமூலம் என்றால், அப்போதே அந்த இடது விரலுக்கு என்ன ஆகியிருந்தது?

இதைத்தான் சொன்னேன். இன்ஸ்பெக்டர் தாளுக்குக் கை நீட்டினார். அம்மையார் அதை வாங்கித் தன் கோப்புக்குள் வைத்துக்கொண்டார்.

எழுத்தர் அன்றைய வாக்குமூலத்தை எழுதி முடித்து மைப்பெட்டியைத் தள்ளினார். விவசாயி அசையவில்லை.

"படிங்க."

எழுத்தர் படித்தார்.

"நீங்க இல்ல. சார் படிக்கட்டும்."

படித்தேன். "தேதி போட்டுகீதா?" என்றார். இல்லை. எழுத்தர் முனகிக்கொண்டே போட்ட பிறகுதான் வலது பெருவிரலை மையில் வைத்தார்.

காவலரைத் தாக்கியதாக அவர்மேல் வழக்கு வரவில்லை. அடித்தவர்கள் மேலும் வரவில்லை. அதே ஆட்கள் அதே வளைவில் நின்று வண்டிகளை நிறுத்துகிறார்கள். விசாரணையின் முடிவைக் கேட்டு மூன்று கடிதம் எழுதியாயிற்று. மூன்று ஒப்புகை அட்டைகள் வந்தன. பதில் வரவில்லை. அந்தத் தாள் இன்னும் அந்தக் கோப்பில்தான் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

போன திங்கட்கிழமை அவருக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது, அவருடைய தங்கையிடமிருந்து. இடது பெருவிரல் இப்போதும் மடங்குவதில்லை. மைப்பெட்டியை அவருடைய வலது பக்கம் நகர்த்தினேன்.

"இதுல இன்னா எழுதிகீது?"

இத்தனை வருடத்தில் என்னிடம் அவர் அப்படிக் கேட்டதே இல்லை.

"தபால் வாங்கிக்கினேன்னு, அவ்ளோதான்."

"அது நீங்க சொல்றது சார். படிங்க."

வரியின் கீழ் விரலை ஓட்டிப் படித்தேன். முடித்ததும், "இன்னொருவாட்டி" என்றார்.