காற்று நிற்காத பிரஸ்

காற்றழுத்தமானியில் மூன்றில் நின்ற முள் இரண்டே முக்காலுக்கு இறங்கியது. சனிக்கிழமை காலை பதினொரு மணி. லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டுக் கராஜுக்குள், நானே இரும்புச் சட்டங்களைப் பொருத்திச் செய்த அழுத்தும் பிரஸ் ஒன்றுக்குள், பனியில் சறுக்கும் ஸ்கீப் பலகை ஒரு சோடி கிடந்தது. மரத்துக்கும் கண்ணாடி நாருக்கும் அடித்தகட்டுக்கும் இடையில் பசை பூசியாகிவிட்டது. பூசிய பசை நாற்பது நிமிடத்தில் இறுகத் தொடங்கும். அது முழுதாகக் காயும்வரை மேலேயிருக்கும் குழாய்க்குள் காற்று நிறைந்து நின்று அழுத்த வேண்டும். காற்று போனால் ஸ்கீயும் போச்சு. எங்கேயோ 'ஸ்ஸ்' என்று சத்தம் கேட்டது.

"இஞ்சாரும், காத்துப் போகுது! சவுக்காரத் தண்ணியைக் கொண்டு ஓடி வாரும்!" என்று கத்தினேன்.

குசினி அடுப்படியிலிருந்து மனைவி கோப்பையும் தூரிகையுமாக வந்தாள், ஒரு கையால் முழங்காலைப் பிடித்துப் பிடித்து. ஓடி வா என்று சொன்ன என் வாயில் ஒன்று போட்டிருக்க வேண்டும்.

லண்டனில் இருக்கிற தமிழனுக்கு ஸ்கீ என்ன கேட்டுக்கு என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. இங்கே வருவதற்கு முன் பதினைந்து வருடம் நாங்கள் சுவிஸில் இருந்தோம். மலையடியில் ஒரு சின்ன ஸ்கீத் தொழிற்சாலையில் எனக்கு பிரஸ் வேலை. ஆயிரக்கணக்கில் செய்தேன், ஒருநாளும் அதில் ஏறியதில்லை. நான் அவ்வளவு பயந்தாங்கொள்ளி. அவள்தான் பழகினாள். முப்பது வயதில், ஐந்து வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து விழுந்து விழுந்து எழும்பிப் பழகினாள். கட்டை உருவம், எடையும் இல்லை, கடையில் விற்கிற ஸ்கீ எதுவும் அவளுக்கு வளைந்து கொடுக்காது. அதனால் முதலாளியிடம் கேட்டு, மிஞ்சிய மரத்தில் அவளுக்கென்று மெல்லிய சோடி ஒன்றைச் செய்து கொடுத்தேன். வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள், அதில் ஏறினால் மலை முழுக்கக் கேட்கக் கூவிக்கொண்டு இறங்குவாள்.

மகளின் படிப்புக்காக லண்டனுக்கு மாறினோம். வந்த இரண்டாம் மாதம் இந்தக் கராஜைத் துப்புரவாக்கும்போது அந்தச் சோடியைக் கொண்டுபோய்க் கவுன்சில் குப்பைத் தளத்தில் எறிந்துவிட்டேன். அவளிடம் கேட்கவில்லை. பின்னேரம் வந்து, "லண்டனில என்ன மலையே கிடக்குது?" என்று பகிடி வேறு விட்டேன். "ஓம், சரி" என்றாள். அவ்வளவுதான். ஒரு சண்டை பிடித்திருந்தால் ஆறியிருப்பேன். ஏழு வருடமாக அந்த "ஓம், சரி" என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

பிறகு அவளுக்கு முழங்கால் தேய்ந்தது. ஒப்பரேசனுக்கு நாள் வந்தது. புது முழங்கால் வைத்த பிறகு ஸ்கீயை மறந்துவிட வேண்டும், அதற்கு முன் நோவு தாங்கினால் மெதுவாக ஒருதரம் போகலாம் என்றார் டொக்டர். எனக்குப் பேய் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. நானும் மகளும் இருந்து சுவிஸ் பயணத்தை ஒழுங்குபண்ணினோம். "ஸ்கீயை அங்கையே வாடகைக்கு எடுக்கலாம் அப்பா" என்றாள் மகள். நான் அவள் மேல் பாய்ந்தேன். நான் எறிந்ததை நான்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். மூன்று மாதம் வேலை முடிந்து வந்து கராஜுக்குள்ளேயே கிடந்தேன்.

பிரஸ் பூட்டிய நாளிலிருந்து ஒழுக்குத்தான். தீயணைக்கப் பயன்படுத்தும் தட்டைக் குழாயை வெட்டி, இரண்டு நுனியையும் இரும்புத் துண்டுகளுக்கு நடுவில் நெரித்து, போல்ட் போட்டு முறுக்கியிருந்தேன். காற்று ஏறும் வாயில் ஒழுகியது. வெள்ளை நாடா சுற்றி நிறுத்தினேன். இணைப்பில் ஒழுகியது, கழற்றி மாற்றினேன். கடைசியில் ஒரு நுனி மட்டும் சுருக்கு விழுந்து படியாமல் அடம்பிடித்தது. எங்கள் வீட்டில் இறுகினது எதற்கும் நல்லெண்ணெய்தானே. கதவுப் பிணைச்சலுக்கும் அதுதான், தலைக்கும் அதுதான். இரண்டு சொட்டுப் பூசினேன், குழாய் வழுக்கிக்கொண்டு போய் அழகாகப் படிந்தது. அரை மணி நேரம் முள் அசையவில்லை. என்னைப்போல் கெட்டிக்காரன் உண்டோ என்று துள்ளினேன். சூடேற்றாமல் சோதித்தேன் என்ற புத்தி மட்டும் வரவில்லை.

இப்போது பசை காய்வதற்காகச் சூடு போட்டிருந்தேன். முள் இரண்டரை. நான் காற்றடிக்கும் கொம்பிரசரை நிறுத்தாமல் ஓடவிட்டேன். அவள் குனிய முடியாமல் குனிந்து, ஒவ்வொரு இணைப்பாகச் சவுக்காரத் தண்ணீர் தடவினாள். கடைசி நுனியில் நுரை பொங்கியது; காற்று போகும் இடம் அதுதான். கிட்டப்போய் மூக்கை வைத்தாள்.

"இதிலை நல்லெண்ணெய் மணக்குது. பூசினனீங்களோ?"

நானும் குனிந்து பார்த்தேன். சூட்டில் ரப்பர் இளகி, எண்ணெயில் வழுக்கி, குழாய் மயிரிழை மயிரிழையாக வெளியே வந்துகொண்டிருந்தது.

"கழட்டித் துடைச்சுப்போட்டுத் திருப்பிப் பூட்டுங்கோ. இன்னும் நேரம் கிடக்குத்தானே," என்றாள்.

"விசர்க் கதை கதையாதையும்! காத்தை விட்டா எல்லாம் எழும்பிப்போடும்!"

அவள் சொன்னதுதான் சரி. விசரன் நான்தான். ஸ்பானரை எடுத்துப் போல்டை இன்னும் இன்னும் முறுக்கினேன். "நில்லடா சனியனே, நில்லு" என்று குழாயைக் கெஞ்சினேன், ஏசினேன், முருகனைக் கூப்பிட்டேன். முள் இரண்டு. ஒன்றரை. பிறகு 'டமார்' என்று நுனி பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. சவுக்கார நுரை என் முகமெல்லாம் தெறித்தது.

குழாயின் எண்ணெயைத் துடைத்தேன், திரும்பப் பூட்டினேன், காற்று ஏற்றினேன். இந்த முறை ஒரு துளி ஒழுகவில்லை. ஆனால் பசை இறுகிவிட்டிருந்தது. சந்துக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தேன். மேல்நோக்கி வளையும் முன்பக்கத்தில் நாரும் மரமும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. வேறு மரம் இல்லை, வியாழக்கிழமை பயணம். சீமெந்துத் தரையில் அப்படியே குந்தி அழுதேன். வெட்கமில்லாமல் சத்தம் போட்டு அழுதேன்.

அவள் பெயின்ற் வாளி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு மெல்ல இருந்தாள்.

"மன்னிச்சுக்கொள்ளும்," என்றேன். "உம்மடையை எறிஞ்சன். இதையும் நாசமாக்கிப்போட்டன்."

"நீங்கள் எறிஞ்ச அடுத்த நாள் நான் பஸ் எடுத்து அங்கை போனனான்," என்றாள். "போய்த் தேடினனான். அதுக்கிடையில அள்ளிக்கொண்டு போட்டாங்கள்."

ஏழு வருடம். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டொக்டரைக் கேட்டேன், மகளைக் கேட்டேன். இவளை இந்த முறையும் கேட்கவில்லை.

"உமக்கு... போக விருப்பந்தானே?"

தூரிகையைக் கோப்பை விளிம்பில் வழித்தாள்.

"அண்டைக்கு விருப்பம் இருந்தது. இப்ப படி இறங்கவே கால் நடுங்குது. அங்கை போய் விழுந்தா என்ன செய்யிறது எண்டு மூண்டு மாசமா எனக்கு நித்திரை இல்லை. நீங்கள் இதுக்கை கிடந்து முறியிறதைப் பாத்துக்கொண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"அப்ப ஏன் ஓட்டையைத் தேடித் தந்தனீர்?" எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"கூப்பிட்டனீங்கள், வந்தனான்," என்றாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "ஆனா சத்தியமாச் சொல்லுறன், அது வெடிச்சுக் காத்துப் போகேக்க எனக்கு அப்பாடா எண்டு கிடந்தது."