கோட்டு போட்ட பார்வையாளர்கள்

கும்மிடிப்பூண்டியில் மூடிக்கிடந்த ஓர் இரும்புக் கம்பெனி ஷெட்டை, சினிமாவுக்காக 1930களின் பாரிஸ் காபரே நடன விடுதியாக மாற்றியிருந்தார்கள். செய்தி எடுக்கப் போயிருந்தேன்.

நடனக் காட்சியில் பின்வரிசையில் ஆடிய பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். ஆரணிப் பக்கத்துத் திருவிழாக்களில் ரிக்கார்டு டான்ஸ் ஆடுகிறவர். இறகுப் பாவாடை கசங்கிவிடும் என்று காலையிலிருந்து அவர் உட்காரவே இல்லை. பார்வையாளர்களாக நடிக்க, கோட்டு போட்டு மேஜைகளில் உட்கார்ந்திருந்த உள்ளூர் ஆட்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருவிழால எல்லாரும் நின்னுகினு கத்துவாங்க சார். கால் எப்படிப் போவுதுன்னு ஒருத்தனும் பாக்க மாட்டான்" என்றார் என்னிடம்.

சாப்பாட்டு இடைவேளை விட்டதும் அந்த மேஜைகளுக்குப் போனார்.

"ஒரே ஒரு பாட்டு ஆடறேன். விசில் அடிக்காம, உக்காந்து பாருங்கப்பா."

"பிரியாணி ஆறிடும்க்கா!"

"ஆறட்டும்டா. நாளிக்கு எனக்கு ஷூட்டிங் இல்ல."

யாரும் எழவில்லை. கைப்பேசியில் பாட்டைப் போட்டுவிட்டு, செட்டின் மேடையில் ஏறி முழுப் பாட்டுக்கும் ஆடினார். முடிந்தபோது, அவர் கேட்டபடியே எல்லோரும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். விசில் சத்தம் இல்லாமல் மேடையை விட்டு எப்படி இறங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. எங்களைப் பார்த்தபடியே நின்றார்.

நானாவது கைதட்டியிருக்கலாம்.