கப்பலிலிருந்து வந்த ஊளை மிஷின்கள்

நன்றாகச் சூடேறிய பழைய மோட்டாரிலிருந்து ஒரு வாசனை வரும். கரித்துண்டு கருகியது போலவும், மின்னல் வெட்டிய பிறகு காற்றில் மிதப்பது போலவும் இருக்கும் அந்த வாசனையோடு, தாழ்வாகத் தொடங்கி மேலே மேலே ஏறிப்போகும் ஒரு சத்தமும் சேர்ந்துகொண்டால், மில்லர்புரத்தில் எங்கள் வீட்டில் அன்று சனிக்கிழமை என்று அர்த்தம். அம்மா, பெண்கள் பள்ளியொன்றில் பௌதிகம் நடத்திய எஸ்தர் டீச்சர். மற்ற டீச்சர்மார் சேலையும் எவர்சில்வரும் சேர்த்துக்கொண்டிருந்த எழுபதுகளில், அம்மா சேர்த்தது கப்பல்களில் ஓடி, கழித்துக் கட்டப்பட்ட வேக்குவம் கிளீனர்களை. எங்கள் தெருவில் அவற்றுக்கு "ஊளை மிஷின்" என்று பெயர்.

பழைய துறைமுகத்துக்குப் போகிற வழியில் அப்போது "கப்பல் சாமான்" கடைகள் வரிசையாக இருந்தன. கப்பல்காரர்கள் வேண்டாமென்று கழித்த வடக்கயிறு, பித்தளை விளக்கு, பீங்கான் தட்டு, மாலுமிகளின் பூட்ஸ் என்று எல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். அதில் மிக்கேல் அண்ணாச்சி கடைக்கு அம்மா பள்ளி லேபுக்கு வயர் வாங்கப் போன ஒரு நாளில்தான் முதல் மிஷின் கிடைத்தது. இடுப்புயரம், மூன்று சக்கரம், தலையில் ஒரு கைப்பிடி, சாம்பல் நிற இரும்பு உடம்பு.

"இது பால் கேனா, வெடிகுண்டான்னு எனக்கே தெரியல டீச்சர். ஆனா கனத்தப் பாருங்க, அத்தனையும் இரும்பு" என்றார் அண்ணாச்சி.

அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து மூடியைக் கழற்றி, மோட்டாரின் செம்புச் சுற்றை விரலால் தடவிப் பார்த்தாள். மோட்டார் ஓடித் தேய்ந்திருந்ததே தவிர, சுற்று எரிந்திருக்கவில்லை. கப்பலின் டி.சி. என்ற நேர்மின்சாரத்துக்காகச் செய்த அந்த வகை மோட்டார் நம் வீட்டு மின்சாரத்திலும் ஓடும் என்பது அம்மாவுக்குத் தெரியும்; அண்ணாச்சிக்குத் தெரியாது. அன்று மாலை அது எங்கள் முன்னறையில் முதல்முறையாக ஊளையிட்டபோது நான் கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டேன். கோரைப்பாயின் மேல் அம்மா குழாயை நகர்த்திக்கொண்டே போக, பாயின் நிறம் என் கண்ணெதிரே மாறியது. அது பச்சைப் பாய் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. உள்ளேயிருந்த துணிப்பையைக் கொல்லையில் கவிழ்த்தபோது விழுந்த மணலையும் உப்புப் புழுதியையும் பார்த்து, இத்தனைக்கும் நடுவிலா படுத்துத் தூங்கினோம் என்று அம்மாவைக் கேட்டேன்.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு அது ஒரு பித்தாகவே ஆகிவிட்டது. நாலு வருஷத்தில் ஐந்து மிஷின்கள். குட்டையாகப் பருத்திருந்ததற்குக் "குண்டன்" என்றும், ஒல்லியானதற்கு "நெட்டையன்" என்றும், சத்தம் குறைந்ததற்கு "ஊமையன்" என்றும் நான் பெயர் வைத்தேன். மற்ற இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருந்ததால் "இரட்டையர்". சர்ச்சில் சமுக்காளங்களை உறிஞ்ச ஒன்றும், பள்ளி நூலகத்துக்கு ஒன்றும் அடிக்கடி கைவண்டியில் போய்வரும். போன இடத்தில் எல்லாம் ஒரு கூட்டம் கூடும். கூட்டத்துக்கு நடுவே குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பன்னிரண்டு வயதுப் பெண் நான். அந்தப் பெருமைக்கு ஈடாக எதையும் பின்னாளில் நான் அனுபவித்ததில்லை.

அப்பாவுக்குத்தான் இது பிடிக்கவில்லை. கப்பல் சரக்கு ஏற்றி இறக்கும் கிளியரிங் ஆபீஸ் ஒன்றில் அவர் குமாஸ்தா. நாள் முழுக்க ஹார்பரில் நின்றுவிட்டு வருகிறவருக்கு, வீட்டிலும் கப்பல் சாமானில் தடுக்கி விழ வேண்டியிருந்தது. ஒரு நாள் அப்படித்தான் குண்டன்மேல் முழங்காலை இடித்துக்கொண்டு, "எஸ்தரு, இது வீடா, கப்பல் குடோனா? கிறிஸ்மஸ்க்கு ஆட்கள் வாராங்க. அதுக்குள்ள ஒண்ண வச்சுக்கிட்டு மீதியக் கடையில கொண்டு போட்டுரு" என்றார். அம்மா குண்டனைச் சுவரோரம் தள்ளி நிறுத்தினாள். எந்த ஒன்றை வைத்துக்கொள்வது என்று நான் இரவெல்லாம் யோசித்து, எதையும் கைவிட முடியாமல் அழுதேன்.

டிசம்பர் பிறந்து, அரைப் பரீட்சை முடிந்து, எங்களுக்கு லீவு விட்டிருந்த நேரம். ஒரு நாள் மத்தியானம் அப்பா வழக்கத்துக்கு மாறாக வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். கேட்கக் கேட்க விஷயம் மெதுவாக வெளியே வந்தது. புது ஹார்பரில் ஒரு பழைய கப்பல், கல்கத்தாவுக்குச் சாப்பாட்டு உப்பு மூட்டை ஏற்ற வந்து நின்றது. அதற்கு முன் அது ஏற்றியிருந்தது சிமெண்ட். சரக்கு அறையைக் கூட்டிப் பெருக்கிச் சுத்தம் செய்தாகிவிட்டது என்று அப்பா எழுதிக் கொடுத்திருக்கிறார். சோதிக்க வந்த சர்வேயர், பக்கவாட்டு இரும்புச் சட்டத்தின் மேல் வெள்ளைக் கைக்குட்டையால் ஒரு இழுப்பு இழுத்தார், கைக்குட்டை சாம்பல் நிறமாகிவிட்டது. மறுபடி பெருக்கினார்கள். விளக்குமாறு கிளப்பிய சிமெண்ட் தூசி பறந்து, திரும்ப அதே சட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் விட்டுக் கழுவினால் சிமெண்ட் இறுகிக் கல்லாகிவிடும். மறுநாள் மதியத்துக்குள் சர்வேயர் ஒப்புக்கொள்ளாவிட்டால் கப்பல் வெறுமனே கிளம்பிவிடும். பொய் எழுதிக் கொடுத்தவர் என்ற பெயர் அப்பாவுக்கு நிற்கும்.

அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அந்தக் கப்பல்ல கரண்ட் டி.சி.யா?"

"பழைய கப்பல். டி.சி.யாத்தான் இருக்கும். ஏன் கேக்க?"

அம்மா முன்னறைப் பக்கம் பார்த்தாள். அப்பாவும் திரும்பி, சுவரோரம் வரிசையாக நின்ற ஐந்தையும் முதல்முறை பார்க்கிறவர் போலப் பார்த்தார். "எத்தன ஓடும்?" என்றார்.

"அஞ்சும் ஓடும்."

ஆபீஸ் லாரி வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மிஷின்களைக் குழந்தையைத் தூக்குவது போல அணைத்துத் தூக்கி ஏற்றியவர் அப்பாதான். பையைக் கழற்றி மாட்டத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான் என்று அம்மா சொன்னதால் ஹார்பருக்குள் போக எனக்கும் சேர்த்து அப்பா பாஸ் வாங்கினார்.

கப்பலின் சீஃப் இன்ஜினியர் நரைத்த தாடிக்காரர். சேலை கட்டிய ஒரு டீச்சரும் ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண்ணும் ஐந்து இரும்பு உருளைகளோடு ஏணியில் ஏறி வருவதைப் பார்த்து முதலில் சிரித்தார். ஊமையன் கிட்டே வந்ததும் சிரிப்பு நின்றது. குனிந்து அதன் தலையைத் தட்டிப் பார்த்து, தான் முதல்முதலாக வேலை பார்த்த கப்பலில் இதே மாதிரி ஒன்று இருந்தது என்று இங்கிலீஷில் சொன்னார். அதன் பிறகு வயர் இழுத்துக் கொடுத்ததும் விளக்குக் கட்டிக் கொடுத்ததும் அவரேதான்.

கிணறு போல ஆழமான அந்தச் சரக்கு அறைக்குள் மிஷின்களைக் கயிறு கட்டி இறக்கினார்கள். அம்மா சேலையை இழுத்துச் செருகி, மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு இறங்கினாள். ஐந்தும் ஒன்றாக ஊளையிட்டபோது இரும்புச் சுவர் நாலு பக்கமும் அதிர்ந்து, என் பல்வரை கூசியது. "மேல இருந்து கீழ வாங்க. தரையக் கடைசியில பாப்போம்" என்று அம்மா கத்த, கூலியாட்கள் சாரத்தில் ஏறிச் சட்டம் சட்டமாக உறிஞ்சினார்கள். கால் மணிக்கு ஒரு பை நிரம்பியது. நிரம்பிய பையை மேல்தளத்துக்கு வாங்கி, சாக்குக்குள் உதறி, திரும்ப இறக்குவது என் வேலை. கண் இமையெல்லாம் சிமெண்ட் அப்பிக்கொண்டது.

சாயங்காலம் நெட்டையன் திடீரென்று நின்றுபோனான். மோட்டாருக்குள், சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு தேய்ந்து தீர்ந்திருந்தது. அம்மா ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து, மாற்றுக் கரித்துண்டை எடுத்து, உப்புத்தாளில் தேய்த்து அளவாக்கிப் பொருத்தினாள். சுற்றி நின்றவர்களில் ஹார்பர் ஒர்க்‌ஷாப்காரர் ஒருவர், "இந்த டீச்சர் நம்ம ஒர்க்‌ஷாப்புக்கு வந்தா நம்ம பாடு திண்டாட்டம்தாம்ல" என்றார். அதைக் கேட்டு அப்பா சிரித்த சிரிப்பில், அன்று மத்தியானம் முதல் காணாமல் போயிருந்த அப்பா எனக்குத் திரும்பக் கிடைத்தார்.

மறுநாள் காலையில் மீதியை முடித்தோம். பதினோரு மணிக்குச் சர்வேயர் இறங்கினார். புதுக் கைக்குட்டை. இடது பக்கச் சட்டம், வலது பக்கம், பிறகு யாரும் எட்டாத மூலையில் ஏணி போடச் சொல்லி அங்கேயும் ஒரு இழுப்பு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஏத்தலாம்" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். கீழேயிருந்து யாரோ நீளமாக ஒரு விசில் அடித்தார்கள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார்; அதில் துடைக்க ஒன்றுமில்லை.

கிளம்பும்போது சீஃப் இன்ஜினியர், ஸ்டோரில் வெகுகாலமாகப் பழுதாகிக் கிடந்த ஒரு மிஷினைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார். ஆறாவது. அதை எங்கே வைப்பது என்று அம்மா தயங்க, "ஏன், என் மேசையத் தூக்கிக் கொல்லையில போட்டா இடம் வருமே" என்றார் அப்பா. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதைத்தான் முதலில் செய்தார். அந்தக் கிறிஸ்மஸுக்கு வந்தவர்கள் எல்லாரையும் முன்னறைக்கு அழைத்துப்போய் ஆறையும் ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டியவரும் அவர்தான்.

இப்போது கப்பல் சாமான் கடைகள் இருந்த இடத்தில் செல்போன் கடைகள் இருக்கின்றன. ஹார்பரில் எல்லாம் கண்டெய்னர் ஆகிவிட்டது. அம்மாவும் அப்பாவும் இல்லை. மிஷின்களில் மூன்று இன்னும் என்னிடம் ஓடுகின்றன. போன மாதம் சென்னையிலிருந்து என் மகள் வந்தபோது, தானே வீட்டைச் சுற்றி வந்து தூசி எடுக்கும், தட்டு மாதிரியான ஒரு மிஷினைக் கொண்டுவந்தாள். வாங்கி மூன்று வருஷம்கூட ஆகவில்லை, நின்றுவிட்டது. கடையில், புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்களாம். "நீ பாரும்மா" என்றாள். நான் ஆசையோடு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசையில் வைத்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கேயும் ஒரு திருகாணி இல்லை. உள்ளே என்ன ஆயிற்று என்று யாரும் பார்த்துவிடக் கூடாது என்பது போல, சுற்றிலும் ஒட்டி மூடியிருந்தார்கள்.