அண்ணன் பெயரில் ஏறிய வேன்

எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு மேலே விமானம் தாழப் பறக்கும். சக்கரம் வெளியே வந்திருப்பது வரைக்கும் தெரியும். சிங்காநல்லூரிலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது. அது வரும்போது பேச்சை நிறுத்துவோம், போனதும் விட்ட இடத்திலிருந்து பேசுவோம். ஆனாலும் ஏர்போர்ட் வாசலை அம்மாவோ நானோ மிதித்ததில்லை. முதன்முதலாக நாங்கள் அங்கே போனது விமானம் ஏற அல்ல, வேன் ஏற.

அந்த வேன் அண்ணன் சம்பாதித்தது. நானும் அவனும் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்கள். எரிந்துபோன கிணற்று மோட்டாரோ போர் மோட்டாரோ, எது வந்தாலும் பிரித்து, கருகிய கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுக் காப்பர் ஒயர் சுற்றிக் கொடுப்போம். ஒயர் டப்பாவில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதை போனில் ஸ்கேன் செய்தால் கம்பெனி பாயின்ட் கொடுக்கும். அண்ணன் ஒரு டப்பாவைக்கூட விடமாட்டான். பாதி மோட்டார் நான் கட்டியது, பாயின்ட் மட்டும் அவன் போனுக்குப் போகிறதே என்று எனக்குக் கடுப்பு. ஒருநாள் அவன் டீ குடிக்கப் போயிருந்தபோது நாலு டப்பாவை என் போனில் ஸ்கேன் செய்துவிட்டேன். கண்டுபிடித்துவிட்டான்.

"திருட்டு நாயி, கேட்டாக் குடுக்க மாட்டனா?" என்றான்.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பான். அதனால்தான் கேட்கவில்லை.

இருபத்தொன்பது வயதில் ஒரு மத்தியானம், கடையில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். ஆஸ்பத்திரி போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்பா எங்கள் சின்ன வயதிலேயே போய்விட்டார். இனி வீட்டில் நானும் அம்மாவும்தான்.

அவன் போனை நான் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்தேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. நாலு மாதம் கழித்து அதில் கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினார். பாயின்டுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, கேரளத்தில் கடற்கரை ரிசார்ட், இரண்டு பேருக்கு இரண்டு நாள், கோயமுத்தூர் ஏர்போர்ட்டிலிருந்து போக வர ரிசார்ட் வேன் என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். "ஐயோ சார்" என்றார். பிறகு, "லிஸ்ட்ல பேரு மட்டும் இனி மாத்த முடியாது சார். நீங்களே ஒருத்தரைக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. அங்க உங்க ஆதார் கார்டக் காட்டினாப் போதும், நான் சொல்லி வெக்கறேன்" என்றார்.

அம்மா போகமாட்டாள் என்றுதான் நினைத்தேன். அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"அவன் சேத்துனது. கம்பெனிக்காரனுக்கு எதுக்கு உடறது?" என்றாள்.

மாமாவுக்குப் பிடிக்கவில்லை. "வருசம் திரும்பலை. ஊர்ல என்ன பேசுவாங்க?" என்றார்.

"வருசம் திரும்பற வரைக்கும் கோயிலுக்குத்தான் போகக்கூடாது. கடலுக்குப் போகக்கூடாதுன்னு ஆரு சொன்னா?" என்றாள் அம்மா. மாமா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எனக்கு வேறு பயம். அண்ணன் போன பிறகு, அவனைப் பற்றிய எந்தக் கேள்வியும் அம்மாவிடம் போய்விடாமல் நான் குறுக்கே நின்றுகொண்டிருந்தேன். அம்மா வீட்டு வாசலில் மாவு அரைத்து விற்கிறாள். ஆரம்பத்தில், விஷயம் தெரியாத ஒரு வாடிக்கையாளர் "பெரியவனைக் காணோமே அம்மணி?" என்று கேட்டுவிட்டார். அவள் மாவுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் வீட்டில் அவன் பெயரை யாரும் சொல்வதில்லை, சொல்ல நான் விடுவதில்லை. வேன் லிஸ்ட்டில் அவன் பெயர்தான் இருக்கும் என்பதையும் அம்மாவிடம் சொல்லவில்லை. ரிசார்ட் கவுன்டரில் நான் மட்டும் போய் மெதுவாகப் பேசி முடித்துவிடலாம் என்று இருந்தேன். சமாளித்துவிடுவேன் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

ஏர்போர்ட்டுக்கு ஆட்டோவில் போனோம்.

"பிளேன்லைங்களா அம்மா?" என்று ஆட்டோக்காரர் கேட்டார்.

"வேன்லைங்க" என்றாள் அம்மா.

அவர் கண்ணாடியில் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

ஐதராபாத் விமானம் தாமதம். பல பேருக்குப் பொதுவான வேன் என்பதால் எல்லாரும் வந்தால்தான் எடுப்பார்களாம். முக்கால் மணி நேரம் வெளியே நின்றோம். விமானம் எங்கள் வீட்டுப் பக்கமாகத்தான் இறங்கி வந்தது. "இந்நேரம் நம்மூட்டு மாடியில துணி ஆடியிருக்கும்" என்றாள் அம்மா.

கடைசியில் வேன் வந்தது. காவலர் விசில் ஊதிக்கொண்டே இருந்தார், அங்கே வண்டியை நிறுத்தி வைக்க விடமாட்டார்கள். டிரைவர் பாலக்காட்டுக்காரர். ஒரு தாளைப் பார்த்து அவசர அவசரமாகப் பெயர் கூப்பிட்டார். மூன்றாவதாக, இனிஷியலோடு, உரக்க, அண்ணன் பெயர்.

அம்மா என் பக்கத்தில் பையோடு நின்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை. "அது அண்ணன், அவர் இல்லை, நான் தம்பி" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பின்னால் ஒருவன் ஹாரன் அடிக்கிறான், காவலர் விசில் ஊதுகிறார், டிரைவர் வியர்த்துப்போய் நிற்கிறார். எங்கள் பக்கத்து ஆட்கள் அடுத்தவரை நிறுத்தி வைத்துத் திருத்த மாட்டோம். கண்டக்டர் வேறு ஊருக்கு டிக்கெட் கிழித்தால்கூட, அந்த ஊரில் இறங்கி நடந்து வந்துவிடுவோம்.

"நாந்தானுங்க" என்றேன்.

வேனில் ஒரு கோபிச்செட்டிபாளையத்து அம்மா இருந்தார், கூட அவர் வீட்டுக்காரர். மகள் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு ஐதராபாத்திலிருந்து வந்திறங்கியவர்கள். மருமகன் ரிசார்ட்டுக்குப் பணம் கட்டி அனுப்பியிருந்தார். கல்யாணமான புதுசில் இரண்டு பேர், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தனி உலகத்தில் இருந்தார்கள். கோபி அம்மா ஏறும்போதே அம்மாவின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார். எனக்குக் கிடைத்தது கடைசி வரிசை, பெட்டிகளுக்கு நடுவில். குறுக்கே போய் நிற்க வழியில்லாத இடம்.

"நீங்க எந்தப் பிளேனுங்க அம்மணி?"

"நாங்க பிளேனே இல்லைங்க. சிங்காநல்லூருங்க."

"அட. சிங்காநல்லூர்ல இருந்து ஏர்போர்ட்டுக்கு வந்தா கடலுக்குப் போறீங்க?"

"தலையைச் சுத்தி மூக்கைத் தொடறதுங்கறது இதுதான்" என்றார் அவர் வீட்டுக்காரர்.

அம்மா சிரித்தாள். நான் நிம்மதியாகப் பின்னால் சாய்ந்தேன். அப்போதுதான் கோபி அம்மா திரும்பி, டிரைவர் கூப்பிட்டதை ஞாபகம் வைத்து, அண்ணன் பெயரைச் சொன்னார். "ஏங் கண்ணு, அந்தப் பச்சைப் பைய இங்க எடு."

எடுத்துக் கொடுத்தேன். அம்மாவின் பின்தலை மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அது அசையவில்லை.

நீலம்பூரில் பைபாஸ் ஏறி மதுக்கரை தாண்டுவதற்குள் நாலு தடவை கூப்பிட்டுவிட்டார். ஏசி போதுமா, முறுக்கு வேணுமா, ஜன்னலைச் சாத்து, திற. அவர் வீட்டுக்காரரும் ஆரம்பித்தார். டிரைவரும் கண்ணாடியில் பார்த்து அதே பெயரைச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் "சொல்லுங்க" என்று எழுந்தேன். உண்மையைச் சொன்னால், மூன்றாவது தடவை எனக்கு அது பிடித்திருந்தது. அவன் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்ட மாதிரி. அதற்குள்ளேயே அம்மாவுக்கு என்ன ஆகிறதோ என்ற பயம்.

வாளையாறு தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். கணவாய்க் காற்றில் அம்மாவின் சேலை படபடத்தது. அவளைத் தனியே கூட்டிப் போனேன்.

"அம்மா, லிஸ்ட்ல அவன் பேருதான் இருக்குது. உங்கிட்டச் சொல்லாம உட்டுட்டேன். இப்பப் போயி அவங்ககிட்டச் சொல்லிப்போடறேன்."

அவள் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள்.

"நீ எதுக்கு சொல்லோணும்? அஞ்சு மாசமாச்சு சாமி, அந்தப் பேரை ஒருத்தர் வாயில கேட்டு. ஊட்டுக்கு வர்றவங்க பூராம் 'பெரியவன்', 'அந்தப் பையன்'ங்கறாங்க. நீயும் சொல்றதில்லை. இந்த அம்மா வாய் நெறையக் கூப்புடறாங்க. கூப்புடட்டும்."

"அங்க போனாக் கார்டக் காட்டோணும்மா."

"அதை அங்க போயிப் பாத்துக்கலாம். டீயக் குடி."

நான் காவல் காத்து வெளியே நிறுத்தி வைத்திருந்தது அவள் கேட்க ஏங்கிய அந்தப் பெயரைத்தான் என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. டீயைக் குடித்தேன், அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேன் கிளம்பிப் பத்து நிமிஷம் இருக்கும். ஐந்து மாதமாக நான் பயந்த கேள்வி வந்தது.

"ஒரே பையனுங்களா அம்மணி?"

நான் முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டுங்க" என்றாள் அம்மா. குரல் சாதாரணமாக இருந்தது. "இன்னொருத்தன் சின்னவன்."

"அவரு என்ன பண்றாருங்க?"

"கடைய அவந்தான் பாத்துக்கறான்."

"படிச்சிருக்கறாருங்களா?"

"எங்கீங்க. எட்டாவதோட நின்னுபோட்டான். வாத்தியார் அடிச்சுட்டாருன்னான். நான் பள்ளிக்கூடத்துக்கே போயிக் கேட்டேன். அவரு அடிக்கவே இல்லைங்க."

நான் சொன்னது பொய் என்று பதினோரு வருஷமாக அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

"அப்பறம் அவரைத் திட்டலைங்களா?"

"எதுக்குங்க. படிப்புத்தான் வரலை, கை சுத்தம். பெரியவன் சொல்லுவான், 'நான் கட்டுனா மோட்டார் ஓடும், அவன் கட்டுனா சத்தமில்லாம ஓடும்'னு. ஆனா அவங்கிட்டச் சொல்லிப்போடாதீங்கம்பான்."

"ஏனுங்க?"

"சொன்னா எந்திரிச்சுப் போயித் தனியாக் கடை போட்டுருவான்னு பயமுங்க."

கோபி அம்மா சிரித்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, அண்ணன் பெயரைச் சொல்லி, "அப்படியாங் கண்ணு? தம்பிகிட்டச் சொன்னா என்ன, கொறஞ்சா போயிருவ?" என்றார்.

தலையை மட்டும் ஆட்டினேன். ஒன்பது வருஷம் பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வேலை பார்த்தோம். ஒருநாள்கூட அவன் என் வேலையை நல்லா இருக்கிறது என்று சொன்னதில்லை. நான் கட்டிய மோட்டாரை ஓடவிட்டு, காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ம்" என்று எழுந்து போவான். அந்த "ம்" அவ்வளவு பெரியது என்று யார் கண்டது?

"சின்னவருகிட்டக் கொறையே இல்லைங்களா அப்ப?"

"இருக்குதுங்க. பேசமாட்டேங்கறான். அஞ்சு மாசமா என்ற முன்னாடி வந்து வந்து நின்னுக்கறான், எம்மேல எதுவும் பட்டுடக்கூடாதாம். நான் என்ன கண்ணாடி டம்ளருங்களா? அவனும் அழுக மாட்டேங்கறான், நான் அழுதாலும் டிவியச் சத்தமா வெச்சுப்போடறான்."

"எதுக்குங்க அழுகோணும்?"

"இருக்குதுங்க ஒண்ணு" என்றாள் அம்மா.

கோபி அம்மா கையிலிருந்த முறுக்கைப் பாதியாக ஒடித்து அம்மாவின் கையில் வைத்தார். இரண்டு பேரும் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு கடித்தார்கள்.

நான் பெட்டிகளுக்கு நடுவில் அழுதேன். முகத்தை மறைக்கக்கூட இடமில்லை. மூக்கு ஒழுகியது, சட்டைக் கையில் துடைத்தேன். புதுசாகக் கல்யாணமான அந்தப் பெண் காதிலிருந்த ஒயரைக் கழற்றாமலே பின்பக்கமாகக் கை நீட்டி ஒரு கைக்குட்டை கொடுத்தாள். திருச்சூர் தாண்டும்வரை அழுதிருப்பேன். அதற்கப்புறம் பசித்தது.

ரிசார்ட்டில் இறங்கும்போது கடல் கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தம்தான் கேட்டது. கவுன்டரில் வரிசை. எனக்குப் பின்னால் அம்மா, அம்மாவுக்குப் பின்னால் கோபிக்காரர்கள். கவுன்டரில் இருந்தவர் லிஸ்ட்டில் விரலை வைத்து அண்ணன் பெயரைப் படித்து, "சார் நீங்கதானே?" என்றார். தமிழ் நன்றாகவே பேசினார்.

தனியாக வந்து மெதுவாகப் பேசுவது என்று வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டு வந்தது அப்போது தேவைப்படவில்லை. என் கார்டை எடுத்து வைத்தேன்.

"அது எங்கண்ணன் பேருங்க. அண்ணன் இறந்துட்டாருங்க. அஞ்சு மாசமாச்சு. நான் தம்பி." அண்ணன் பெயரையும் ஒருமுறை முழுசாகச் சொன்னேன், இனிஷியலோடு.

கவுன்டர்காரர் எழுந்து நின்றார், பாவம், என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு உட்கார்ந்து என் பெயரை எழுதிக்கொண்டார்.

கோபி அம்மாதான் முதலில் பேசினார், குரலை இறக்கி. "அம்மணி, அப்ப அந்தச் சின்னவன்…"

"இவந்தானுங்க."

"அடக் கண்ணே. பின்னாடி உக்காந்து அத்தனையும் கேட்டுட்டு வந்திருக்கானே."

"கேக்கட்டும்னுதானுங்க சொன்னேன்" என்றாள் அம்மா. "ஊட்டுல இதையெல்லாம் பேச ஆரம்பிச்சா எந்திரிச்சுக் கடைக்குப் போயிருவான். வேன்ல எங்க போறது?"

அந்த அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பெயரைக் கேட்டார். சொன்னேன். "இனி இதைப் பழகோணும். எனக்குச் சீக்கிரம் வராது கண்ணு, கோவிச்சுக்காதே" என்றார்.

வரவில்லைதான். இரண்டு நாளும் சாப்பாட்டு மேசையிலும் மணலிலும் பாதி நேரம் அண்ணன் பெயரைச் சொல்லியே கூப்பிட்டார், பாதி நேரம் என் பெயரை. நான் இரண்டுக்கும் திரும்பினேன்.