மேடைக்குப் போய்ச் சேராத பன்னிரண்டு வோல்ட்

"…அப்போ நீங்க என்னதான் சொல்ல வர்றீங்க மாப்ள? கேட்டாண்ட எரியறதும் அதே லைட்டு, மேடையாண்ட இருக்கறதும் அதே லைட்டு. ஒரே வயரு. நடுவுல எவனாச்சும் கரண்ட எறக்கிக்கிறானா?"

கேட்டவர் என் மனைவிக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா, எனக்கு மாமா முறை. சிதம்பரத்திலிருந்து புவனகிரி போகிற சாலையோரம் இருந்த தன் வயலை மேடாக்கிப் புல் பதித்து, கல்யாண வரவேற்புக்கு வாடகைக்கு விடுகிற தோட்டமாக மாற்றியிருந்தார். இன்னும் ஒரு நிகழ்ச்சிகூட நடக்கவில்லை. அன்று பொழுது சாய்ந்ததும் ஒரு பெண்ணின் அப்பா வந்து, விளக்கெல்லாம் போட்டுப் பார்த்து, பிடித்தால் அங்கேயே பேசி முடிப்பதாக இருந்தது. பிடிக்காவிட்டால் அவருக்கு ஊருக்குள் ஏசி மண்டபங்கள் இருக்கின்றன. மாமாவுக்குத் திரும்பிப் போக வயல் இல்லை. அத்தை காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

அந்த மாலையில்தான், பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்கப்போகிற மேடையைச் சுற்றியிருந்த விளக்குகள் மட்டும் தூக்கத்தில் கண் சொருகுகிற மாதிரி மங்கிக் கிடந்தன.

தோட்டங்களுக்கு விளக்குப் போடுவது என் தொழில். கடை கடலூரில், திருப்பாதிரிப்புலியூரில். இந்த வேலையை யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. கழற்றிப் பார்த்தும் கெடுத்துப் பார்த்தும் படித்ததுதான். ஆனால் இதைப் பற்றிப் பேசுவதற்கான வார்த்தைகளை மட்டும் வாடிக்கையாளர்களிடமிருந்துதான் பொறுக்கிக்கொண்டேன். ஒருமுறை ஒரு அம்மா இப்படி மங்கிய விளக்கைப் பார்த்துவிட்டு, "ஏம்பா, உன் லைட்டுக்கு ரத்தசோகையா?" என்று கேட்டார். அதைவிடச் சரியாக இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தோட்டமென்றால் நான் பன்னிரண்டு வோல்ட்தான் போடுவேன். ஈரப் புல்லும், அதில் வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளைகளும் இருக்கிற இடத்தில் வீட்டுக் கரண்டைப் புதைக்க எனக்குத் துணிச்சல் கிடையாது. ஒரு டிரான்ஸ்பார்மர் பெட்டியை வைத்து வீட்டுக் கரண்டைப் பன்னிரண்டு வோல்ட்டாக இறக்கிவிட்டால், தெரியாமல் தொட்டாலும் ஷாக் அடிக்காது. ஆனால் இந்தப் பன்னிரண்டு வோல்ட் ரொம்ப தூரம் நடக்க மாட்டாத ஜீவன். வயர் நீள நீளக் களைத்துப்போகும். வழியில் விளக்குகள் ஜாஸ்தியானால் இன்னும் சீக்கிரம் களைக்கும். அதனால் பெட்டியைத் தோட்டத்தின் நடுவில் வைத்து, அங்கிருந்து எல்லாப் பக்கத்துக்கும் தனித்தனியாக, ஏறக்குறைய ஒரே நீளத்தில் வயர் பிரிக்க வேண்டும். சூட்சுமம் என்று இதில் இருப்பது இவ்வளவுதான். நானும் அப்படித்தான் தரையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக் காட்டிவிட்டு, வேறு வேலையாகக் கடலூர் போனேன்.

போயிருக்கக் கூடாது.

நான் அந்தப் பக்கம் போனதும் மாமா வாஸ்து பார்க்கிறவருக்குப் போன் போட்டிருக்கிறார். கரண்ட் என்றால் நெருப்பு, நெருப்புக்கு உரியது தென்கிழக்கு, அதாவது அக்னி மூலை. பெட்டியை நடுவில் வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று அவர் சொல்லிவிட்டார். சில வாரம் கழித்து அன்று நான் திரும்பி வந்து பார்த்தபோது பெட்டி தென்கிழக்கில் சமையல் கொட்டகைச் சுவரில் ஏறி, சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தது. அங்கிருந்து ஒரே ஒரு வயர் கேட், நடைபாதை, நீரூற்று என்று ஒவ்வொரு விளக்காகத் தொட்டுக்கொண்டு மேடைவரை போயிருந்தது. மேலே புல்லும் பதித்தாகிவிட்டது.

"உங்களுக்கு எதுக்கு செரமம்னு நாங்களே ஆள வெச்சி முடிச்சிட்டோம் மாப்ள" என்றார் மாமா, பெருமையாக.

மேடை எங்கே இருந்தது என்கிறீர்கள்? மேற்குக் கோடியில். மணமக்கள் கிழக்கே பார்த்து நிற்க வேண்டுமே! ஒரு சாஸ்திரம் பெட்டியை இந்தக் கோடிக்குத் தள்ள, இன்னொரு சாஸ்திரம் மேடையை அந்தக் கோடிக்குத் தள்ள, இரண்டுக்கும் நடுவில் என் பன்னிரண்டு வோல்ட் நாக்குத் தள்ளிக்கொண்டிருந்தது.

மாமாவைக் கூட்டிக்கொண்டு போய் மீட்டரை வைத்துக் காட்டினேன். கேட்டருகே பன்னிரண்டுக்குக் கொஞ்சம் குறைச்சல். மேடையில் எட்டு. அதைப் பார்த்துவிட்டுத்தான், நடுவில் எவனாவது இறக்கிக்கொள்கிறானா என்று கேட்டார்.

"யாரும் எறக்கல மாமா. பெட்டிய நடுவுல மாத்துனா சரியாயிடும்."

"அது ஆவாது. சொன்னவரு சாதாரண ஆளு இல்ல."

"சரி, மேடைக்கு மட்டும் தனியா ஒரு தடி வயர் இழுத்துடறேன். புல்ல லேசா கீறிட்டு…"

அத்தை எழுந்தே விட்டார். "புல்லுமேல கத்திய வெச்சீங்கன்னா நான் பொல்லாதவளா மாறிடுவேன் மாப்ள. கொழந்த மாதிரி தண்ணி ஊத்தி வளத்துக்கிட்டிருக்கேன்."

"அப்போ மேடைக்குப் பின்னாடி இன்னொரு பெட்டி வெக்கலாம் மாமா. வண்டியில ஒண்ணு கெடக்குது. கால் மணி நேர வேல."

மாமா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மேடைக்குப் பின்னாடி வாயு மூலை வந்துடுது மாப்ள. நெருப்பையும் காத்தையும் கொண்டாந்து ஒண்ணா வெக்கச் சொல்றீங்களே, நல்லா இருக்குமா?"

இதே ஆள் என்னை "டேய்" என்றோ "நீ" என்றோ கூப்பிட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். வார்த்தைக்கு வார்த்தை மாப்ள, வாக்கியத்துக்கு வாக்கியம் நீங்க. மரியாதையாலேயே ஒருவரைக் கட்டிப்போட முடியும் என்பதைப் பெண் எடுத்த வீட்டில்தான் தெரிந்துகொள்ள முடியும்.

"பெட்டிய இன்னும் பெருசா போட்டுப் பாப்பமா?" என்றார்.

"அதுல வர்றதும் பன்னெண்டுதான் மாமா."

"விட்ட கரண்டு எங்கதான் போவுது? வயரு உள்ள ஓட்டையா இருக்குது?"

தலையில் கை வைத்துக்கொண்டு மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். வாசலில் சாலை கறுத்துக்கொண்டு வந்தது. அந்த எரிச்சலில்தான் வாயில் வந்ததைக் கேட்டேன். "மாமா, இது வயலா இருந்தப்போ ஏன் தண்ணி வரல?"

கேட்டதும் மனிதர் நிமிர்ந்துவிட்டார். வாழ்நாள் முழுக்க அவர் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியது அந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

"எப்பிடி வரும்? மேல இருக்கறவன் ஒவ்வொருத்தனும் மடைய தொறந்து வெச்சிக்கிட்டு எடுத்துக்கினே இருந்தா, கடமடைக்கு எங்க வரும்? எங்ககிட்ட வந்து சேர்றப்போ வாய்க்கால்ல கொக்குக்குக் கால்கூட நனையாது. அத ஏன் இப்போ கேக்கறீங்க?"

"உங்க மேடைதான் மாமா இப்போ கடமடை."

அவர் மேடையைப் பார்த்தார். கேட்டைப் பார்த்தார். நடுவில் வரிசையாக எரிந்துகொண்டிருந்த விளக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "அட" என்றார் மெதுவாக.

அப்பாடா, புரிந்துவிட்டது என்று எனக்கு உயிர் வந்தது. வண்டியிலிருந்த இன்னொரு பெட்டியை எடுக்க ஓடினேன். அதற்குள் அத்தை போனைக் காதிலிருந்து எடுத்து, "வெள்ளாத்துப் பாலத்த தாண்டிட்டாங்களாம்" என்று கத்தினார்.

நான் பெட்டியோடு திரும்பியபோது மாமா மேடையருகே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீரூற்றுப் பக்கம் குனிந்திருந்தார். ஒவ்வொரு விளக்கின் வயரிலும் பிடுங்கி மாட்டுகிற மாதிரி ஒரு பின் உண்டு. அதைப் பிடுங்கி, விளக்கையும் மண்ணிலிருந்து உருவிக் கையில் சேர்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா! என்ன பண்றீங்க?"

"மொற வெக்கறேன் மாப்ள! மேல் மடைய அடச்சாதான கீழ பாயும்? இத மொதல்லயே சொல்லியிருந்தா காலையிலயே முடிச்சிருப்பேன்ல?"

பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். தண்ணீர் குறைந்த காலத்தில் இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு என்று மடையை மூடி முறை வைக்கிற மனிதருக்கு, என் இவ்வளவு நேர விளக்கத்திலிருந்து கிடைத்தது அதுதான். இதில் கொடுமை என்னவென்றால், அவர் பிடுங்கப் பிடுங்க மேடை வெளுத்துக்கொண்டே வந்தது. மீட்டரை வைத்தேன். ஒன்பதைத் தாண்டியிருந்தது. அத்தை வாயைப் பொத்திக்கொண்டு, "எரியுதுங்க! எரியுது!" என்றார்.

நடைபாதை இருண்டது. மாமா கேட்டை நோக்கி நடந்தார்.

"மாமா, கேட்டாண்ட மட்டும் விட்டுடுங்க! அவுரு அந்த வழியாத்தான் வரணும்!"

"பொண்ணு மாப்ள கேட்டுலயா நிக்கப்போறாங்க?"

சாலையில் கார் விளக்கு திரும்பியது. கேட்டுக்கு முன்னால் வந்து, இதுதான் இடமா என்று தெரியாமல் நின்று, ஹாரன் அடித்தது. மாமா பெயர்ப் பலகைக்குக் கீழே இருந்த கடைசி விளக்கையும் பிடுங்கி, கக்கத்தில் இருந்த கத்தையோடு சேர்த்து இடுக்கிக்கொண்டு, இருட்டில் ஒற்றைக் கையால் கேட்டைத் திறந்தார். சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து டார்ச்சைப் போட்டு, பெண்ணின் அப்பாவுக்குக் காலடியில் வெளிச்சம் காட்டியபடி, "வாங்கய்யா, பாத்து வாங்க, நேரா மேடைய மட்டும் பாருங்க" என்று முன்னால் நடந்தார்.